முதுகு இல்லாத ஆள்

ராயபுரம்
8 ஜூன் 2024, சனி

டெரிக்,

உன் விளையாட்டில் இன்று முபாஷிரைச் சுற்றி மூன்று முறை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். மூன்று முறையும் அவன் என்னையே பார்த்தான்.

திங்கள்கிழமையிலிருந்து உனக்குப் பதினோரு தடவை போன் செய்துவிட்டேன். கூடப் பிறந்த அக்காவின் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். இருக்கட்டும். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். நடந்ததை உன் அலுவலகத்தார் வாயால் கேட்டிருப்பாய். இனி என் வாயால் கேள்.

திங்கள்கிழமை காலை பதினொன்றரை மணி. கன்டெய்னர் யார்டில் மூன்றாம் வரிசைக்குள் வண்டியைத் திருப்பினேன். முபாஷிர் ஒரு பெட்டியின் கதவுக்கு முன்னால் நின்று நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். செக்கர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று உனக்கும் தெரியும். கதவில் அடித்த சீல் முத்திரையைக் குனிந்து பார்ப்பார்கள். பெட்டி நம்பர் கதவின் மேல் மூலையில் இருப்பதால், பிறகு இரண்டடி பின்னால் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அவனும் அப்படித்தான் பின்னால் வந்தான். என் முன்சக்கரம் அவனுடைய இடது பாதத்தின் மேல் ஏறிவிட்டது. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நான் அவனைப் பார்க்காமல் இடிக்கவில்லை, டெரிக். நன்றாகப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்துவிட்டான் என்று நினைத்து ஹாரன் அடிக்காமல் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் எப்படி என்னைப் பார்ப்பான்? ஐந்து நாளாக என்னை நானே கேட்டுக் கேட்டு மண்டை காய்ந்துவிட்டது.

என்னை சஸ்பெண்ட் செய்து வைத்திருக்கிறார்கள். பயிற்சி அறை மட்டும் கேட்டுக்கு வெளியே இருப்பதால் இன்று அங்கே போனேன். எண்ணூரிலிருந்து ஷிஜி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். எங்களுக்கு வண்டி பழக்க நீ கம்ப்யூட்டரில் செய்த விளையாட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் எனக்குக் கொடு என்றேன். திரையில் யார்டு, பெட்டிகள், ஆட்கள். எல்லா ஆளும் முபாஷிர்தான், சட்டை நிறம் மட்டும் வேறே. அவனை வைத்துத்தானே நீ படம் எடுத்தாய். ஒரு முபாஷிரைச் சுற்றி வந்தேன். அவன் முதுகு எனக்குத் தெரியவே இல்லை. நான் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"இன்னாக்கா, அந்தாளயே சுத்திக்கினு கீற?" என்றாள் ஷிஜி.

ஆறு வாரம், தினம் இரண்டு மணி நேரம் அதில் ஓட்டினேன். எத்தனை ஆயிரம் ஆட்களைத் தாண்டியிருப்பேன்! ஒருவன்கூட எனக்கு முதுகு காட்டியதில்லை. யார்டில் நிற்கிறவன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பான் என்று என் கண்ணைப் பழக்கிவிட்டாய்.

28ஆம் தேதி விசாரணை. பாதுகாப்பு அதிகாரி தவசிமுத்து என் மதிப்பெண் தாளை மேஜையில் போட்டு, "பயிற்சியில நூத்துக்கு நூறு வாங்கிட்டு இப்ப என்னம்மா கத சொல்றே?" என்று கேட்டார். போலீசில் கவனக்குறைவு என்று வழக்கு. வேலையும் போய் லைசென்சும் போனால் இந்த வயதில் நான் மறுபடி ஆட்டோவும் ஓட்ட முடியாது. நீ ஒரே ஒரு தாளில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் விளையாட்டில் இருக்கிற ஆட்கள் எப்போதும் ஓட்டுகிறவரையே பார்ப்பார்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

ஐரீன்


பெங்களூரு
12 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முபாஷிர் பாயின் கால் போனதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை முதலில் நம்பு. போனைத் தடுத்தது நானாக அல்ல. யார்டோடு தொடர்புள்ள யாரிடமும் பேசக் கூடாது, செய்தி அனுப்பக் கூடாது என்று அலுவலக வக்கீல் சொல்லிவிட்டார். என் போன் அலுவலகம் கொடுத்தது. நீ என் அக்கா என்பதே இங்கே யாருக்கும் தெரியாது.

நீ பார்த்தது ஆள் இல்லை. ஒரு தட்டைப் படம். அட்டையில் ஒட்டி நிறுத்தியது மாதிரி என்று வைத்துக்கொள். அதற்குக் கனமே கிடையாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காகித விளிம்பாகி மறைந்துவிடும் என்பதால், ஓட்டுகிறவர் எங்கே போனாலும் படம் அவர் பக்கமே திரும்பும்படி நிரல் எழுதுவோம். மரம், புகை, தூரத்துக் கூட்டம் எல்லாவற்றுக்கும் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லை. உங்கள் பயிற்சி அறையில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். நாற்பது பேரை முழு உடம்போடு செய்து வைத்தால் அது நின்றே போகும். முதுகுப் படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. முன்பக்கம் ஒன்றுதான் எடுத்தோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஏன் ஹாரன் அடிக்கவில்லை? விளையாட்டில் ஹாரன் அடித்தால் இரண்டு மதிப்பெண் குறையும். அந்த விதி யாருடையது? போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டில், வஞ்சிரக் குழம்புக் கையோடு என் லேப்டாப்பைப் பார்த்து நீ சொன்னாய்: "பாத்துகினு நிக்கிறவனுக்கு இன்னாத்துக்குடா ஹாரனு? அடிச்சா மார்க்க புடுங்கு." எட்டு வருஷம் ஆட்டோ ஓட்டியவள் சொல்கிறாளே என்று எழுதினேன்.

படம் வண்டி ஓட்டாது, அக்கா. அந்தத் தாளை நான் எழுத முடியாது.

டெரிக்


ராயபுரம்
15 ஜூன் 2024

டெரிக்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப்போடத் தோன்றியது. நாலாவது தடவை உட்கார்ந்துவிட்டேன்.

ஹாரன் விஷயம் உண்மைதான். நான்தான் சொன்னேன். சுத்தமாக மறந்தே போயிருந்தேன். ஊரில் எல்லாரும் அடிக்கிற ஹாரனைக் கேட்டுக் கேட்டு எனக்கு அப்படி ஒரு வெறுப்பு. முகம் தெரிகிறவனுக்கு வேண்டாம், முதுகு தெரிகிறவனுக்கு அடி என்பதுதான் நான் சொன்னதன் அர்த்தம். உன் யார்டில் முதுகே கிடையாது என்று எனக்கு எப்படித் தெரியும்? முகம் மட்டுமே இருக்கிற இடத்தில் என் விதியையும் கொண்டுபோய்ப் போட்டால், ஒரு தடவைகூட ஹாரனைத் தொடாதவளுக்குத்தான் நூற்றுக்கு நூறு கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

நான் சொன்னதை விசாரணையில் நானே சொல்லப்போகிறேன். மறைக்க மாட்டேன். உன் பாதியை நீ சொல்வாயா என்பதுதான் கேள்வி.

உலகம் முழுக்க இப்படித்தான் என்கிறாய். மரத்துக்கும் புகைக்கும் செய்துகொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? மரம் பின்னால் நகராது. நம் தெருமுனையில் வைக்கிற கட்-அவுட்டுக்குக்கூடப் பின்பக்கம் உண்டு. நீயும் நானும் சின்ன வயதில் அதன் பின்னால் போய்ச் சவுக்குக் கம்பையும் கோணியையும் பார்த்துச் சிரித்திருக்கிறோம். உன் ஆளுக்கு அதுவும் இல்லை.

என்னை விடு. ஷிஜியோடு சேர்த்து மொத்தம் பன்னிரண்டு பேர் இப்போது அந்த அறையில் இருக்கிறார்கள். ஜூலை 1ஆம் தேதி அவர்கள் கையில் நிஜ வண்டியைக் கொடுக்கிறார்கள். நேற்று ஷிஜி எனக்குப் போன் செய்து, தொண்ணூற்றாறு வாங்கிட்டேன்க்கா என்று சந்தோஷமாகச் சொன்னாள். வண்டியில ஏறுறப்ப எல்லாருக்கும் ஹாரன் அடி என்று சொன்னேன். "மார்க்கு போய்டும்க்கா" என்கிறாள்.

தவசிமுத்துவிடமும் போய்ச் சொன்னேன். செய்தவன் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் நிறுத்துகிறேன் என்கிறார். செய்தவன் நீதான்.

ஐரீன்


பெங்களூரு
18 ஜூன் 2024

அக்கா,

என்னால் முடியாது. வேலையில் சேரும்போது, செய்த வேலையைப் பற்றி வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம்தான் என்னை நிரந்தரம் ஆக்குகிறார்கள். இப்போது இதை எழுதினால், இந்தத் தொழிலில் எந்தக் கதவும் எனக்குத் திறக்காது.

கம்ப்யூட்டர் தாங்கவில்லை. ஒரே படம்தான் இருந்தது. அதைத்தான் போட்டோம். இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. தயவுசெய்து இனி எழுதாதே.

டெரிக்


ராயபுரம்
21 ஜூன் 2024

டெரிக்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதற்கு முன் இரண்டு தடவை போனபோது, முபாஷிரின் மனைவி மலிகா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். நேற்று அவளும் களைத்துப்போயிருந்தாள். நகர்ந்து வழி விட்டாள். முபாஷிர் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். போர்வை இடது பக்கம் தட்டையாக இருந்தது. நான் கட்டில் ஓரத்தில் நின்று அழுதேன். அவன் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "ஹாரனு அடிச்சியாக்கா?"

"இல்ல முபாஷிரு."

"அடிக்கல. நானும் போலீஸ்ல அத்தான் சொல்லிக்கீறேன். ஒனக்காவ மாத்தி சொல்ல மாட்டேன்."

மாற்ற வேண்டாம் என்றேன். பிறகு உன் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். உன் மேல் பழியைப் போட வரவில்லை, அவனுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன். தம்பி முன்பக்கப் படம் ஒன்றுதான் எடுத்தானாம், முதுகே எடுக்கலையாம் என்றேன். அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"இன்னாக்கா சொல்ற? என்ன வெயில்ல நிக்கவெச்சி எட்டு பக்கம் திருப்பித் திருப்பி எடுத்தானே ஒந்தம்பி. 'முதுவ இன்னாத்துக்கு நைனா எடுக்குற, எம்முதுவ எவன் பாக்கப் போறான்'னு நானே கேட்டேன். 'ஓட்டுறவங்களுக்கு முதுகும் தெரியணும் பாய், அப்பதான் ஜாக்கிரதயா இருப்பாங்க'ன்னு சொன்னான். அத்த மறப்பனா நானு?"

டெரிக், நீ எனக்கு இரண்டு தடவை பொய் எழுதியிருக்கிறாய். தெரியாமல் செய்தாய் என்று நினைத்து மனதுக்குள் உனக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. முதுகு ஏன் வேண்டும் என்று என்னைவிட, தவசிமுத்துவைவிட, எல்லாரையும்விட உனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

அந்த முதுகை என்ன செய்தாய்? விசாரணைக்கு ஏழு நாள் இருக்கிறது. அதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும், முபாஷிருக்கும் தெரிய வேண்டும்.

ஐரீன்


பெங்களூரு
25 ஜூன் 2024, விரைவு அஞ்சல்

அக்கா,

எட்டுப் படமும் என்னிடம் இருக்கின்றன. ஒரு நாளும் அழிக்கவில்லை. ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். எட்டுப் பக்கமும் போட்டுத்தான் முதலில் செய்தேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறியது, ஆனால் ஓடியது. சிக்கல் வேறே. வண்டி சுற்றி வரும்போது பக்கப் படம் போய் முதுகுப் படம் வர வேண்டும் அல்லவா, அந்த இடத்தில் ஆள் துள்ளுவான். ஒரு வெட்டு. யார்டுக்குக் காட்டுவதற்கு முன்னால் இங்கே அலுவலகத்தில் ஓட்டிக் காட்டினேன். எட்டு பேர் பார்த்தார்கள். "என்ன, உங்க ஆளுக்கு விக்கலா?" என்று ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. நான் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கு முகம் எரிந்தது. அன்றைக்கே உட்கார்ந்து ஏழு படத்தை விளையாட்டிலிருந்து நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். எந்தப் பக்கம் போனாலும் வழவழவென்று திரும்பினான். மறுநாள் எல்லாரும் பாராட்டினார்கள்.

அவ்வளவுதான் அக்கா. சிரித்துவிட்டார்கள் என்பதற்காக. கம்ப்யூட்டர் தாங்கவில்லை என்று பிறகு நானே நம்பத் தொடங்கிவிட்டேன். பாயிடம் நான் சொன்ன வார்த்தை அன்றும் நினைவில் இருந்தது. பிறகு சரிசெய்யலாம் என்று இருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

உன் முதல் கடிதம் வந்தபோதே புரிந்துவிட்டது. பயந்து பொய் எழுதினேன். என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இதனோடு மூன்று பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று, கையெழுத்துப் போட்ட வாக்குமூலம், ஐந்து பத்தி. இரண்டு, பென் டிரைவ். அதில் எட்டுப் பக்கமும் போட்ட பழைய வடிவம் அப்படியே இருக்கிறது, ஹாரன் அடித்தால் ஆள் திரும்பியும் பார்ப்பான். உங்கள் அறைக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். மூன்று, பாயின் முதுகுப் படம், கடையில் பிரின்ட் போட்டது. அதை அவரிடம் கொடு.

வாக்குமூலத்தின் நகலை நாளை காலை என் மேலாளரிடம் நானே கொடுக்கப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கொடுப்பேன்.

டெரிக்


ராயபுரம்
30 ஜூன் 2024, ஞாயிறு

என் தம்பி டெரிக்,

உறை வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. உன் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு உன்னை அடிக்கத் தோன்றியது எனக்கு.

நாலு பத்தி உண்மை. ஐந்தாவது பத்தியில், ஹாரனுக்கு மதிப்பெண் குறைக்கிற விதி முழுக்க உன் சொந்த யோசனை, வேறு யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். யார் உன்னிடம் கேட்டது? இத்தனை நாள் உண்மையை எழுது என்று உன் உயிரை எடுத்தேன், கடைசியில் எனக்காக ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்புகிறாய். கோபத்தில் திட்டிக்கொண்டே அழுதேன். ராத்திரி அந்தப் பத்தியை மட்டும் மடித்து மறைத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன், கையெழுத்து அதற்குக் கீழேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது பத்தி தப்பு, அந்த விதி என்னுடையது என்று சொன்னேன். அரசாங்கத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "விசாரணைன்னா ஆளாளுக்கு நான் இல்ல நான் இல்லன்னுதான் சொல்வாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே தப்புக்கு அடிச்சிக்கிறீங்க. நான் எதை எழுதறது?" என்றார். என்னுடையதை எழுதுங்கள், அதுதான் நடந்தது என்றேன். எழுதிக்கொண்டார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு நான் வண்டியைத் தொடக் கூடாது. அதுவரை கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிற வேலை. வேலை போகவில்லை, லைசென்சும் தப்பித்தது. போலீஸ் வழக்கு இருக்கிறது, அதை நான்தான் நின்று பார்க்க வேண்டும். உன் விளையாட்டை அன்றைக்கே பூட்டிவிட்டார்கள். ஷிஜி கூட்டத்துக்கு நாளைக்கு வண்டி கிடையாது. முதலிலிருந்து மறுபடி பயிற்சி. என்னால்தான் லேட்டாகிறது என்று அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

நேற்று ராயப்பர் திருநாள். பூசை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் முபாஷிரிடம் படத்தைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். "எம்முதுவு இப்டியா கீது?" என்று மலிகாவிடம் கேட்டான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, கோணல் முதுகு, உனக்குத் தெரியாதா என்றாள். நீ எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள் என்கிற இடம் உள்பட. "சிரிச்சதுக்கா?" என்று மட்டும் கேட்டான். மன்னித்துவிட்டான் என்று உனக்கு எழுத மாட்டேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. "அவன வரச்சொல்லுக்கா, என் எதுருல வந்து நிக்கட்டும்" என்றான். வந்து நில். உன் வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. போயிருந்தாலும் வீடு இருக்கிறது, வா.

விசாரணையில் நடந்த ஒன்றைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

உன் பென் டிரைவை அந்த அறைக் கம்ப்யூட்டரிலேயே போட்டு, என்னையே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். தவசிமுத்து, ஆய்வாளர் அம்மா, யார்டு மேனேஜர், இன்னும் நாலைந்து பேர் என் பின்னால் நின்றார்கள். மூன்றாம் வரிசைக்குள் திருப்பினேன். கதவுக்கு முன்னால் முபாஷிர், முதுகைக் காட்டிக்கொண்டு. பச்சைச் சட்டை, நடுவில் வேர்வை, காதில் பேனா. அன்று கடைசியாக இரண்டு காலோடு நான் பார்த்த அதே முதுகு. என் கை தானாக ஹாரனை அழுத்தியது. அழுத்தி, எடுக்காமல் வைத்திருந்தேன்.

அவன் திரும்பினான். படம் மாறுகிற இடத்தில் நீ பயந்தபடியே ஒரு துள்ளு துள்ளித்தான் திரும்பினான்.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

உன் அக்கா
ஐரீன்